கை தொடாமல் ஊதுவது

பட்டினப்பாக்கம், மெட்ராஸ்-28
3-6-1974

அன்புள்ள மச்சானுக்கு,

ரகுபதி எழுதுவது. நான், உன் தங்கச்சி, சீதா மூவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். கத்திரி முடிந்தும் வெயில் போகிற வழியாயில்லை. நீ மலைமேல் பட்டாளத்துக் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு இதைப் படிப்பாய் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஒரு விஷயம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? உன் தங்கச்சிக்கு மேல் ஸி ஸ்வரமும் கீழ் ஸி ஸ்வரமும் ஒன்றுதான், இரண்டும் குழந்தையை எழுப்பிவிடும். என் டிரம்பெட்டின் வாயில் புது மவுத்பீஸ் வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியதல்ல. கிண்டி எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கிறாரே இனாயத் பாய், அவரிடம் பழைய மவுத்பீஸைக் காட்டி, அதேபோல், ஆனால் உள்குழி பாதி ஆழம், விளிம்பு மெல்லிசு என்று சொல்லிப் பித்தளையில் கடைந்து வாங்கினேன். கையில் கொடுத்துவிட்டு, "இதுல இன்னா தம்பி ஊத்திக் குடிப்பே?" என்று கேட்டார் மனுஷன்.

மச்சான், பழையதில் மேல் ஸியைத் தொடுவதற்குள் எனக்குக் கண் பிதுங்கும். இதில் அதற்கும் மேலே இரண்டு ஸ்வரம் சும்மா போகிறது. போன வாரம் சினிமா ரெக்கார்டிங்கில் உச்சியில் நாலு மாத்திரை நிறுத்திப் பிடித்தேன். முன் வரிசை வயலின்காரர்கள் வில்லை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாப்பூர் மாடவீதியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நாம் இரண்டு பேரும் வேர்க்க வேர்க்க ஊதியபோது நம்மை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

உன் பட்டாள பேண்டில் இப்படி யாராவது வைத்திருக்கிறார்களா? எழுது. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ரகுபதி

*

வெலிங்டன், நீலகிரி
9-6-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பஞ்சாட்சரம் எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. காலை அணிவகுப்புக்கு முன் மவுத்பீஸைக் கால்சட்டைப் பையில் போட்டுச் சூடாக்கிக்கொள்கிறோம், இல்லாவிட்டால் உதடு ஒட்டிக்கொள்கிறது.

உன் சந்தோஷத்தில் மண்ணைப் போட எழுதவில்லை. குழி ஆழம் குறைந்தால் மேல் ஸ்வரம் சுலபமாக வரும், வாஸ்தவம். ஆனால் மெல்லிய விளிம்பு உதட்டை அறுக்கும். ஒரு நாள் ஸ்வரம் வரவில்லை என்றால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இடது கையால் வாத்தியத்தை இழுத்துப் பல்லோடு சேர்த்து அழுத்துவாய். கல்யாண பேண்டிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம். வயிற்றிலிருந்து காற்று வேகமாக வந்தால் ஸ்வரம் தானே ஏறும். அழுத்தினால் இன்றைக்கு ஏறும், அப்புறம் உதடு செத்துப்போகும்.

ஊதி முடித்ததும் கண்ணாடி பார். மேலுதட்டில் வட்டமாகத் தழும்பு விழுந்திருக்கும். அது எத்தனை நேரத்தில் மறைகிறது என்று எனக்கு எழுது. அரை மணிக்கு மேல் நின்றால் அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதை எடு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சீதா இப்போது முழு வாக்கியம் பேசுகிறாளா? தேவானைக்கு என் அன்பைச் சொல்.

பஞ்சாட்சரம்

*

மெட்ராஸ்-28
14-7-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவானை எழுதுவது. நானும் சீதாவும் சௌக்கியம். உனக்குச் சளி தேவலையா? வெந்நீரில் குளி.

உன் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஆனாலும் ஆள் சரியில்லை. சாயங்காலமானால் நொச்சிக்குப்பம் பக்கம் படகு மறைவில் கடலைப் பார்த்து நின்று ஊதுவாரே, இரண்டு வாரமாகப் போவதில்லை. மீன் விற்கிற தாயம்மா என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரு எங்க போய்க்கினு கீறாரு, சத்தமே காணோம்" என்று கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். டீ கொதிக்கக் கொதிக்கக் கொடுத்துவிட்டு, ஆறட்டும் என்று சொல்வதற்குள் எடுத்துக் குடித்துவிட்டார். மேலுதடு வெந்து கொப்புளித்துவிட்டது. ஐயோ என்று நான் அலறுகிறேன், அவர் என்ன என்று என்னைப் பார்க்கிறார். சுட்டது அவருக்குத் தெரியவில்லை அண்ணா. சூடு தெரியாத மனுஷன் உண்டா? கேட்டால், ஏதோ நினைவில் இருந்தேன் என்கிறார். மூன்று நாளாகத் தன் டம்ளரைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார். சீதா ஓடிப்போய்க் கன்னத்தில் முத்தம் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழந்தை என்னிடம் வந்து அப்பா கோவமா என்று கேட்கிறாள்.

உனக்கு எதாவது எழுதினாரா? எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

உன் தங்கை
தேவானை

*

வெலிங்டன்
20-7-1974

மாப்பிள்ளை,

இங்கு நலம். உன்னிடமிருந்து ஒன்றரை மாதமாக ஒரு வரி இல்லை. தழும்பு மறைகிறதா என்று கேட்டிருந்தேன். ரெக்கார்டிங் இருந்தால் பெருமை பீற்றிக்கொண்டாவது எழுதியிருப்பாய். நீ பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை.

உதடு எப்படி இருக்கிறது? ஒரு கார்டில் எழுது, போதும்.

பஞ்சாட்சரம்

*

மெட்ராஸ்-28
6-8-1974

அன்புள்ள மச்சானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். என்னைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. நீ ஜெயித்தாய். தழும்பு மறையவில்லை. மறையவே இல்லை மச்சான், காலையில் எழுந்தாலும் இருக்கிறது.

ஜூன் கடைசியில் ஒரு பாட்டு. நடுவில் டிரம்பெட் மட்டும் தனியாக ஏறிப்போய் உச்சியில் நிற்க வேண்டும். முதல் தடவை உடைந்தது. இழுத்து அழுத்தினேன், வெறும் காற்று வந்தது. ஏழு தடவை எடுத்தார்கள். அறுபது பேர் எனக்காக ஏழு தடவை முதலிலிருந்து வாசித்தார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. அப்புறம் அந்த வரியை ஃப்ளூட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கால்மணி நேரம் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இம்மாதம் 24-ம் தேதிக்கு இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலும் உடைந்தால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

இது பாதிதான். மீதியை உன் தங்கச்சிக்குச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் படி. மேலுதடு நடுவில் மரத்துவிட்டது. ஊசியால் குத்திப் பார்த்தேன், தெரியவில்லை. சூடு தெரியவில்லை. மரத்துப்போன இடம் என்றால் என்ன வியாதி என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பழைய தெருவில் ஒருவருக்கு முழங்கையில் அப்படித்தான் ஆரம்பித்து, விரலெல்லாம் மழுங்கிப்போனது. அவரை வீட்டாரே எப்படி வைத்திருந்தார்கள் என்று நீயும் பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது திரும்பி வந்துவிட்டேன். டாக்டர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்துவிட்டால் அப்புறம் இந்தப் பிளாக்கில் சீதாவோடு எந்தக் குழந்தை விளையாடும்? நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள்?

நான் தொட்டதை அவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். அது எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. எனக்கு எதாவது ஒன்று என்றால் டிரம்பெட்டை நீ வந்து எடுத்துக்கொள். நல்ல வாத்தியம். அந்த மவுத்பீஸை மட்டும் கடலில் வீசிவிடு.

உன்
ரகுபதி

*

வெலிங்டன்
12-8-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகையில் மூச்சுவிட நேரமில்லை, இன்றுதான் உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நீ பயப்படுகிற விஷயம். எங்கள் டாக்டரிடம் யாருக்கோ என்று சொல்லிக் கேட்டுவிட்டேன். வேறு எங்காவது மரத்திருக்கிறதா, தோல் நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டார். ஊதுகிறவன் என்றதும் சிரித்தார். அழுத்தி அழுத்தி நரம்பு நசுங்கியிருக்கும், விட்டால் திரும்ப வரும் என்றார். ஆனாலும் நேரில் காட்டத்தான் வேண்டும். காட்டு. வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இரண்டாவது, அழுத்தாமல் ஊதப் பழகு. எங்கள் பேண்டு மாஸ்டர் அழுத்துகிறவர்களுக்கு ஒரு தண்டனை வைத்திருக்கிறார். கூரையிலிருந்து கயிறு கட்டி, டிரம்பெட்டை வாய் உயரத்துக்குத் தொங்கவிடுவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஊத வேண்டும். உதடு மட்டும்தான் தொடலாம். கொஞ்சம் அழுத்தினாலும் அது ஆடிக்கொண்டு பின்னால் போய்விடும். வெறும் காற்றிலேயே ஸ்வரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் மேலே தானாக ஏறும். சீதாவுக்குத் தூளி கட்டின கொக்கி இன்னும் இருக்கிறதல்லவா, அதில் கட்டிக்கொள். பழைய மவுத்பீஸ்தான், கவனம்.

டிரம்பெட்டை எடுத்துக்கொள் என்றெல்லாம் எழுதாதே. எனக்கு இருக்கிறதே போதும். தேவானைக்கு நான் சொல்லவில்லை.

பஞ்சாட்சரம்

*

மெட்ராஸ்-28
13-8-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? எங்களைப் பற்றி நல்லபடியாக எழுத முடியவில்லை. இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவர் இருக்கிறார். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

நாலைந்து நாளாக எங்கள் வீட்டுத் தூளிக் கொக்கியில் ஒரு கயிறு தொங்குகிறது. புதுக் கயிறு. மண்ணெண்ணெய் வாங்கப் போன நான் திரும்பி வந்தபோது மத்தியானம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், தட்டினேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தார். வேர்த்துப்போயிருந்தார். இது என்ன என்று கேட்டேன். துணி காயப் போட என்றார். துணிக்கொடியை நெட்டுக்குத்தலாக எந்த ஊரில் கட்டுகிறார்கள்?

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அவிழ்க்கவும் இல்லை. அவிழ்த்தால் நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அது நிஜமாகிவிடும் என்று பயம். கடைக்குப் போவதில்லை. தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு பங்கஜத்தை அனுப்புகிறேன். சீதாவை அவர் மடியிலேயே உட்கார வைக்கப் பார்க்கிறேன், அவர் இறக்கி விட்டுவிடுகிறார்.

நீ ஒரு வரி எழுது அண்ணா. என் புத்திதான் கெட்டுப்போயிற்று என்றாவது எழுது.

தேவானை

*

வெலிங்டன்
16-8-1974

அன்புத் தங்கை தேவானைக்கு,

இப்போதுதான் உன் கடிதம் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். முதல் பாதியைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் கயிறு, தூளிக் கொக்கி என்று வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். அசடே, அந்தக் கயிற்றைக் கட்டச் சொன்னவனே நான்தான்!

சத்தியத்தை மீறிச் சொல்கிறேன். புது மவுத்பீஸால் அழுத்தி அழுத்தி ரகுபதிக்கு உதடு மரத்துப்போயிருக்கிறது. அதுதான் டீ சுட்டது தெரியவில்லை. கை தொடாமல் ஊதிப் பழக, கயிற்றில் டிரம்பெட்டைத் தொங்கவிடு என்று நான்தான் எழுதினேன். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத் துணிக்கொடி என்று கதை விட்டிருக்கிறான். நீ நிம்மதியாகக் கடைக்குப் போ. தண்ணீர் பிடி. அவனை ஆஸ்பத்திரிக்கு மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடு.

இங்கே அணிவகுப்பு நன்றாக நடந்தது.

உன் அண்ணன்
பஞ்சாட்சரம்

*

மெட்ராஸ்-28
19-8-1974

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. சந்தோஷப்பட்டேன். ஐந்து நிமிஷம்தான்.

நீ அவருக்கு எழுதிய கடிதம் பெட்டியில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். மேலே 12-ம் தேதி போட்டிருக்கிறாய். அதைத் தபால்காரர் 14-ம் தேதி புதன்கிழமை என் கையில்தான் கொடுத்தார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நான் பாதியில் திரும்பி வந்தது 9-ம் தேதி, வெள்ளிக்கிழமை. கயிறு அன்றைக்கே தொங்கியது.

நீ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலேயே கட்டியிருக்கிறார். நான் உனக்குக் கயிற்றைப் பற்றி எழுதியதே 13-ம் தேதி. அப்போது உன் கடிதம் ரயிலில் இருந்தது.

இப்போது டிரம்பெட் அதில் தொங்குகிறது, உண்மை. மத்தியானம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊதுகிறார். முதலில் எதற்காகக் கட்டினார்? நீ சொல்லு அண்ணா. நான் சொல்ல மாட்டேன்.

தேவானை

*

தந்தி
21-8-1974

தேவானை, பட்டினப்பாக்கம்.
தனியே விடாதே. பக்கத்திலேயே இரு. லீவு கேட்டிருக்கிறேன். பஞ்சாட்சரம்.

*

மெட்ராஸ்-28
22-8-1974

அன்புள்ள மச்சானுக்கு,

ரகுபதி எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுதலாம் என்று நினைக்கிறேன். தந்தி இங்கிலீஷில் இருந்ததால் மேல்மாடி சுப்பராமன் சாரிடம் கொடுத்துப் படித்தோம். அவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். நீ கயிறு என்ற வார்த்தை வராமல் எழுதியிருந்தாய். நன்றி.

துணி காயப் போட இல்லை மச்சான். உனக்கும் தெரிந்துவிட்டது. வியாதி என்று தெரிவதற்கு முன்னால் போய்விட்டால் ஊரில் வேறு எதாவது காரணம் சொல்லிக்கொள்வார்கள், சீதா தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். கணக்குச் சரியாக இருக்கிற மாதிரியே தெரிந்தது. அன்றைக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இருந்திருந்தால் உன் தங்கச்சி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்திருப்பாள். இதை எழுதும்போது இப்போதுதான் எனக்குக் குளிர் எடுக்கிறது. அன்றைக்கு எடுக்கவில்லை.

கதவைத் திறந்த பிறகு கயிற்றை அப்படியே விட்டுவைத்தேன். ஏன் என்று கேட்காதே. புதன்கிழமை உன் கடிதம் வந்தது. தூளிக் கொக்கி, "அதில் கட்டிக்கொள்" என்கிற வரி முதலில் கண்ணில் பட்டதும் என் கூரையைப் பிரித்துக்கொண்டு நீ பார்த்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்புறம்தான் முதலிலிருந்து படித்தேன். டாக்டர் சிரித்தார் என்கிற வரியைப் பத்துத் தடவை படித்திருப்பேன். நம்பவில்லை, ஆனாலும் படித்தேன். அதே கயிற்றில் டிரம்பெட்டைக் கட்டினேன்.

நேற்று முன்தினம் தேவானை வந்து எதிரில் நின்றாள். "துணிக்கா, ஊதறதுக்கா, இல்ல வேற எதுக்காவதா? எதுவானாலும் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும், அந்த வியாதியின் பெயர் உட்பட. அழுவாள் என்று நினைத்தேன். என் மேலுதட்டைப் பிடித்துக் கிள்ளினாள். வலிக்குதா என்றாள். இல்லை என்றேன். நகம் பதியக் கிள்ளிக்கொண்டே ஓரத்துக்கு வந்தாள். ஓரத்தில் சுளீர் என்றது. "உசுரு கீது" என்றாள். அப்புறம் நான் தனியாக வைத்துக்கொண்டிருந்த டம்ளரை எடுத்து, அதில் நான் மீதி வைத்த டீயை என் எதிரிலேயே குடித்தாள். மச்சான், ஒரு மாதமாக நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்து என் கூடவே வரிசையில் நின்றாள், கையைப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போகாமல். டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் ஊசியாலும் முகம் கை கால் எல்லாம் தொட்டுப் பார்த்தார். அந்த வியாதி இல்லை. நரம்பு நசுங்கியிருக்கிறது, இரண்டு மாதம் மவுத்பீஸ் உதட்டில் படக்கூடாது என்றார். மேல் ஸ்வரம் திரும்ப வருமா என்று கேட்டேன். அது எனக்குத் தெரியாதப்பா என்றார்.

24-ம் தேதிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனி கூப்பிடமாட்டார்கள். எனக்கு அந்தப் பயம் போகவில்லை. ஆனால் அதை இப்போது இரண்டு பேராகப் பயப்படுகிறோம். நீ தீபாவளிக்கு வந்தால் போதும்.

உன்
ரகுபதி

*

மெட்ராஸ்-28
27-10-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவானை எழுதுவது. மூவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உன் உடம்பு எப்படி? தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சீதாவிடம் சொன்னேன், தினமும் இன்றைக்கா என்று கேட்கிறாள்.

டாக்டர் சொன்ன இரண்டு மாதம் போன வாரம் முடிந்தது. டீ சுடுகிறது என்று கத்தினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். பழைய மவுத்பீஸைப் போட்டுக்கொண்டு ஊத ஆரம்பித்திருக்கிறார். கயிற்றை, அவர் என்னிடம் எல்லாம் சொன்ன அன்றைக்கே நான் எரித்துவிட்டேன். இனி இந்த வீட்டில் கயிறு கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் கை தொடாமல் எப்படி ஊதுவது என்றார். நான் பிடிக்கிறேன் என்றேன். இப்போது எதிரில் நின்று டிரம்பெட்டை இரண்டு கையிலும் தாங்கிக்கொள்கிறேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அழுத்தினால் நான் ஒரு அடி பின்னால் போய்விடுவேன். கை கடுக்கிறது அண்ணா, எத்தனை கனம் அந்த வாத்தியம்.

மேலே போகவில்லை. நடுவில் வந்ததும் உடைந்துவிடுகிறது. கீழே இருக்கிற ஸ்வரங்கள் மட்டும்தான் வருகின்றன. இரண்டு கல்யாண பேண்டில் இரண்டாவது வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போகிறேன் என்று சொல்லிவிட்டார். முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதமாட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நான் கடைக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது எங்கள் பிளாக் தெரிந்ததும் ஓட ஆரம்பிக்கிறேன். மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு உயிர் போகிறது. போன வாரம் முதல் மாடியிலேயே தாங்க முடியாமல் அவர் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. பிளாக்கே கதவைத் திறந்து பார்த்தது. பங்கஜம் இன்னும் சிரிக்கிறாள். சிரித்துக்கொள்ளட்டும்.

அன்றிலிருந்து தினமும் முதல் படியில் நின்றுகொண்டு, ரகுபதி என்று கூப்பிடுகிறேன். மேலேயிருந்து ஒரு கீழ் ஸி வரும். அது வந்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைக்கிறேன்.

உன் தங்கை
தேவானை